நல்லெண்ணெய் வைத்த பிரேக்

போன வாரம் என் சின்னக் காரின் முன்சக்கரம் கிரீச் கிரீச்சென்று கத்த ஆரம்பித்ததால் ஈப்போவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்ட குளுகுளு அறை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், உள்ளேயிருந்து திறக்குமா என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் நான் எங்கேயும் உட்காருவதில்லை. அதனால் வெளியே எண்ணெய்க் கறை படிந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். அச்சு அசல் எங்கள் வீட்டுக் கார். அதே நீள மூக்கு, அதே வட்ட விளக்கு, நிறம் மட்டும் வேறு. யாரோ வசதியான இளைஞர் தேடிப்பிடித்து வாங்கிப் புதுசு போல ஆக்கி வைத்திருக்கிறாராம். பட்டறைப் பையன் அதன் சக்கரத்தைக் கழற்றி, பழைய பிரேக் பேடுகளை உருவித் தரையில் வைத்தான். நான் குனிந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன்.

“என்ன ஆண்ட்டி, மோந்து பாக்குறீங்க?” என்றான்.

நல்லெண்ணெய் வாசம் வருகிறதா என்று பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவன் பேடை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குத்தான் என் வளவளப்பு பழக்கமாயிற்றே.

எங்கள் அப்பா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்கு அவர் பெரிய மனிதர், துரைக்கு அவர் சின்ன மனிதர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன் காரை அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தோட்டத்தில் அதற்குப் பெயர் ‘துரை காடி’. எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். ஓய்வு பெற்றபின் அப்பா தோட்டத்து எல்லையில் ஒரு மேட்டில் பலகை வீடு கட்டினார். வீடு முடியும் முன்பே காருக்குக் கொட்டகை கட்டி முடித்துவிட்டார். நாங்கள் குடிபோனபோது எங்கள் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. காரின் கூரை ஒழுகவில்லை.

நான் படிப்பு முடித்து, ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசி அது. சடக்குக்கு, அதாவது தார்ச்சாலைக்கு, இறங்கினால் ஈப்போவுக்கு பஸ் உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் எல்லாம் அதில்தான் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். அப்பா என்னை அதில் ஏற விட்டதே இல்லை. “பஸ்ல போற பொண்ணுங்க கத எனக்குத் தெரியும்” என்பார். என்ன கதை என்று சொன்னதில்லை. காலையில் துரை காடியில் என்னை ஏற்றி, ஆபீஸ் வாசலில் இறக்குவார். அத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போனால் பரவாயில்லை. எதிரே மரநிழலில் காரை நிறுத்திவிட்டு, மாலை வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிப்பார், தூங்குவார், எழுந்து மாடி ஜன்னலைப் பார்ப்பார். என் தட்டச்சு இயந்திரம் அந்த ஜன்னலோரம்தான் இருந்தது.

மத்தியானம் அடுக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு நான் கீழே இறங்கி வர வேண்டும். காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பாடு. கண்ணாடியை முழுக்க இறக்கினால் கண்டவனும் எட்டிப் பார்ப்பானாம். ரெக்சின் இருக்கை முதுகில் ஒட்டிக்கொள்ளும். புளிக்குழம்பு வாசமும் பெட்ரோல் வாசமும் சேர்ந்து தலையைச் சுற்றும். எதிர்க்கடையில் என்னோடு வேலை பார்க்கும் பிலோமினாவும் மற்றவர்களும் ஐஸ் போட்ட காப்பியை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கண்ணாடிக்குள்ளிருந்து கையசைப்பேன். மீன்தொட்டி மீன் மாதிரி இருக்கே என்று பிலோமினா ஒருநாள் சொன்னாள். மீனுக்காவது தண்ணீர் இருக்கிறது என்றேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நான் உட்காரும் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி துரை காலத்திலேயே உடைந்துபோனது. வெளியேயிருந்துதான் திறக்கும். ஒவ்வொரு முறையும் அப்பா இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டால்தான் நான் இறங்கலாம். மகளுக்குக் கதவு திறந்துவிடும் தகப்பனா என்று ஆபீஸ் வக்கீலம்மா உருகிப்போனார். எனக்கு மட்டும்தான் தெரியும், அவர் வரவில்லை என்றால் நான் அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று. நான் அப்பாவை வெறுக்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. வெறுக்க முடிந்திருந்தால் ஒரே நாளில் பஸ் ஏறியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஒருநாள் மெங்லம்பு சந்திப்பில் அப்பா பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பால் தேய்க்கிற ஓசை. பல் கூசியது. அப்பாவின் முகம் சுருங்கியது. எனக்கோ உள்ளுக்குள் என்னமோ குளிர்ந்தது. அடுத்த சந்திப்பிலும் கத்தாதா என்று காத்துக்கொண்டிருந்தேன். கத்தியது. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து காஜாவிலிருந்து ஆ லெக் வந்தார். பட்டறை வைத்திருந்த சீனர், அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம், தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்துப் பார்த்துத் தமிழும் நன்றாகப் பேசுவார். பின்சக்கரத்துக்கு அடியில் செங்கல்லை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவதுதான் பேடின் வேலை. இரும்புத் தகட்டின் மேல் கறுப்பாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும், அதுதான் தேய்ந்து தேய்ந்து காரை நிறுத்துகிறது. ஆ லெக் பேடைப் பிடித்திருந்த ஊசிகளை உருவி, குறடால் அதை வெளியே இழுத்தார். பட்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தட்டில் விரல் வைத்தால் தெரியும் அளவுக்கு வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. இனி இதை ஓட்டினால் நேரே சுடுகாடுதான் என்று சொல்லிவிட்டார். புதுசு ஈப்போவில் கிடைக்காது, சிங்கப்பூரிலிருந்துதான் வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார். நான் உள்ளே ஓடிப்போய் அவருக்குப் பால் கூடுதலாக ஊற்றி டீ போட்டேன்.

அப்புறம் வந்ததெல்லாம் பஸ் நாட்கள். அப்பாவுக்கு வேறு வழியில்லை. மேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை கூட வருவார், கண்டக்டரிடம் ஏதோ சொல்வார், பஸ் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருப்பார். அவ்வளவுதான். திருப்பம் தாண்டியதும் நான் ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுவேன். முகத்தில் காற்று அடிக்கும், ரப்பர்ப் பாலின் புளித்த வாசம் வரும். அதே வாசத்தில்தான் பிறந்து வளர்ந்தேன், அன்றைக்குத்தான் அது பிடித்தது. மத்தியானம் எதிர்க்கடையில் உட்கார்ந்து ஐஸ் காப்பி குடித்தேன். அது அப்படியொன்றும் ருசியாக இல்லை என்பதைக்கூட ரசித்தேன்.

அந்தக் கடையில்தான் பிலோமினா சொன்னாள், ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், தங்குவதற்கு விடுதியும் தருகிறார்கள் என்று. விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் மற்றது எதுவும் என் காதில் விழவில்லை. இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஈப்போவில் நேர்முகம் என்று தெரியவந்தது. வக்கீலம்மாவிடம் அரை நாள் விடுப்பு கேட்டு வாங்கிவிட்டேன். அப்பா மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் மாடியிலிருந்து இறங்கவே முடியாது. கார் கொட்டகையில் இருக்கும்வரை எனக்கு வழி இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் ஆ லெக் பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து நின்றார். புது பேடு. அப்பா குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். நேர்முகத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணினேன். அன்றைக்கே மாட்டிவிடலாம் என்று ஆ லெக் சொன்னார். நாளை ஆயுத பூஜை, சாமியிடம் வைத்துவிட்டு மறுநாள் காலையில் நானே மாட்டிக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். லாரி பழுது பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் கைவந்திருந்தது.

தோட்டத்து ஆயுத பூஜையைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியிலிருந்து புல் வெட்டும் இயந்திரம் வரை எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார்கள். எங்கள் வீட்டிலும் அப்பாவின் திருப்புளி, குறடு, ஸ்பானர், அம்மாவின் அரிவாள்மணை, கோடரி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கும். அம்மா லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பால் வெட்டியவள். இரும்பு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நல்லெண்ணெய் தடவாமல் அவளுக்குப் பூஜை முடியாது, துரு ஏறிவிடும் என்பாள். அந்த வருடம் நாலு புது பேடும் தாம்பாளத்தில் இருந்தன. அம்மா அவற்றையும் விடவில்லை. அப்பா காருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டி, நன்றாக ஊறும்படி தடவி, நடுவில் பெரிதாகச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எண்ணெய் பட்டால் பேடு வழுக்கும், பிடிக்காது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. நான் என் நேர்முகம் போச்சு என்று அழுகையை அடக்கிக்கொண்டு கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு பேடுகளை மாட்டினார். எண்ணெய்ப் பளபளப்பைப் பார்த்து, புதுசு என்பதால் மின்னுகிறது என்று நினைத்திருக்கிறார். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பெடலைப் பல தடவை மிதிக்கச் சொன்னார், இறுகும்வரை மிதிக்க வேண்டும். அந்தக் காரில் எனக்குக் கிடைத்த ஒரே ஓட்டுநர் வேலை அதுதான், நிற்கிற வண்டியை நிறுத்துவது. பிறகு நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஆபீசுக்குச் சேலை கட்டித் தயாராக என் பக்கத்தில் ஏறினேன். கதவைச் சாத்தினார்.

மேட்டிலிருந்து சடக்குக்கு இறங்கும் சரிவு அவ்வளவு செங்குத்தானதல்ல. பாதி வழியில் அப்பா பிரேக்கை மிதித்தார். கார் யோசித்துப் பார்த்தது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். கீழே சடக்கில் மர லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அப்பா கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். நாங்கள் செம்பருத்தி வேலிக்குள் போய்ச் சொருகி நின்றோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது, முறுக்குச் சுடுகிற வாசத்தோடு. அப்பா இறங்கி என் கதவைத் திறக்க ஓடி வந்தார். வேலி கதவோடு ஒட்டிக் கிடந்தது, திறக்க வழியே இல்லை. கிளைகளை ஒடித்துப் பார்த்தார், கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் என் முகம். அப்பாவின் கண்ணில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் இல்லாமல் நான் இறங்க முடியாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது போலும். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, அவருடைய இருக்கை வழியாக நானே இறங்கினேன்.

ஆ லெக் வந்து பேடை உருவி, மூக்கருகே கொண்டுபோய், எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கிராணி, இது காடியா, தோசக்கல்லா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “பிரேக்குக்கு எண்ண வெச்ச பொம்பள ஒலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“இரும்புதானே. கத்திக்கு வெக்கிறோம், கோடாலிக்கு வெக்கிறோம். இதுக்கு வெக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா?” என்றாள் அம்மா. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வெகுநேரம் அழுதாள், சாமி குற்றம் என்று பயந்தாள். அப்பா பேடுகளின் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி எண்ணெயை எரித்துப் பார்த்தார். பட்டை வெடித்து விரிசல் விட்டது. மறுபடியும் சிங்கப்பூருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. நான் குளியலறைக்குள் போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறி நேர்முகத்துக்குப் போனேன். இடம் கிடைத்தது, தஞ்சோங் ரம்புத்தானில். எங்கள் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். மனநோய் ஆஸ்பத்திரி அங்கேதான். யாராவது தத்துப்பித்தென்று உளறினால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கவா என்பது வழக்கம். சேர வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்து, கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் கத்தவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

“காடி ரெடியாவட்டும், பாப்பா. நானே கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்” என்றார்.

கார் எப்போது தயாராகும் என்று யாருக்கும் தெரியாது. நான் விடியற்காலையில் பையோடு பஸ் ஏறினேன். அப்பா அன்றைக்கு பஸ் நிற்கும் இடம்வரை வரவில்லை. அம்மாதான் வந்தாள்.

பேடு வந்துசேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் துரை காடி வந்து நின்றது. என்னைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எப்போதும் பின்சீட்டில், அதுவும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கோயிலுக்கு மட்டும் ஏறுகிறவள். அப்பா இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டார். அவர் காவலாளியிடம் பேசப் போனதும் அம்மாவிடம் வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போதெல்லாம் காய்கறி வாங்கப் பாசாருக்கும் காடி, கோயிலுக்கும் காடி, பக்கத்துத் தோட்டத்துக்கும் காடி என்றாள். அவருக்குக் கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டியிருக்கிறதாம், அவள் இறங்கும் இடத்திலெல்லாம் நிறுத்திவிட்டுக் காத்துக் கிடக்கிறாராம். குறையாகச் சொல்லவில்லை, சமையல் விஷயம் சொல்வது போலத்தான் சொன்னாள். கடைசியில் என் சீருடைக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“நீ எறங்கிட்ட. நான் ஏறிட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னை ஏற்றிக்கொண்டு போய் மாலை வரை ஈப்போவில் உட்கார்ந்திருந்த அந்தக் காலமெல்லாம் அம்மாவுக்கு வீடு அவளுடையதாக இருந்திருக்கிறது. ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பாள், லயத்துத் தோழிகள் வந்திருப்பார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு அவள் பால் வெட்டிய நாட்களைப் பேசியிருப்பார்கள். என்னுடைய சிறை அவளுக்கு விடுதலையாக இருந்தது. தன் கையாலேயே, சந்தனப் பொட்டும் வைத்து, அந்த விடுதலையை முடித்துவிட்டாள். எனக்கு அங்கேயே நின்று அழ வேண்டும் போலிருந்தது. அப்பா திரும்பி வந்து கதவைத் திறந்தார், அம்மா ஏறினாள்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. துரை காடியைப் பழைய இரும்புக்காரன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். தோட்டம் போனது, மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வீடமைப்புத் திட்டத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த வழியில் இப்போது பஸ்ஸும் கிடையாது. ஆ லெக்கின் பட்டறை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அம்மா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, அவளை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன் என்பேன். கோயிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் தெரு முனை வந்ததும் நிறுத்தச் சொல்வாள். இறங்கி, வீடு வரை நடந்து வருவாள். முழங்கால் வலி அவளுக்கு.

ஒருநாள் தூறல் போட்டது. தெருவில் பாசி வழுக்கும் என்று எனக்குப் பயம். அவளை இறக்கிவிட்டு, முதல் கியரில் மெதுவாக அவள் பின்னாலேயே வந்தேன். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பது போல. அம்மா நின்றாள். திரும்பி என் பக்கம் நடந்து வந்து, கண்ணாடியை இறக்கும்படி கை காட்டினாள்.

“நீயும் உங்கப்பா மாதிரி ஆயிடாத, பாப்பா. போ. நான் வாரேன்.”

நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அம்மா சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுப் பூச்செடியாகப் பார்த்துப் பார்த்து, யாருக்கும் அவசரமில்லாத நடையில் தெருவின் அந்தக் கோடிவரை நடந்து போனாள்.